முப்பது மணி நேரம், ஒரு இஞ்சு டேப்

"எடையைக் குறைங்க, சோத்தைக் குறைங்க, வாக்கிங் போங்க." சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருத்துவரைப் பார்த்துவிட்டு வரும் எவரும் இந்த மூன்றையும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். மூன்றிலும் தவறில்லை. ஆனால் மறுநாள் காலை அடுப்படியில் எதை மாற்றுவது என்று கேட்டால் கேட்டுவந்தவருக்கும் தெரியாது, சொன்னவருக்கும் பெரும்பாலும் தெரியாது. மருத்துவர்கள் படித்து முடித்த பிறகும் படித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. ஐந்தாண்டுக்குக் குறைந்தது 30 மணி நேரம், அதாவது ஆண்டுக்கு ஆறு மணி நேரம், தொடர் மருத்துவக் கல்வியில் கலந்துகொள்ள வேண்டும். மருத்துவர்கள் புழங்கும் பெயரில் சொன்னால் சி.எம்.இ. உணவையும் உடல் எடையையும் பற்றி மருத்துவருக்குச் சொல்லித்தர நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் வாசல் அதுதான். அந்த மணி நேரங்களைக் கூட்டுவதைவிட, அவை எப்படி நடக்கின்றன, யார் காசில் நடக்கின்றன என்பதை மாற்றுவதே அவசரம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் தேவை எவ்வளவு பெரியது என்று பார்க்கலாம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் இது 30.9. ஐந்தாவது ஆய்விலேயே, அதே வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இவர்கள் இரண்டு தனித்தனிக் கூட்டமாக இருக்க வேண்டியதில்லை. மற்றவர் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு மிச்சச் சோற்றையும் ரசத்தையும் போட்டுக்கொண்டு உட்காரும் பெண்ணுக்கு எடையும் கூடலாம், ரத்தமும் குறையலாம். அவரிடம் 'கம்மியா சாப்பிடுங்க' என்றால் எடை குறையுமோ என்னவோ, இரும்புச்சத்தும் புரதமும் நிச்சயம் இன்னும் குறையும். பருமனும் சத்துக்குறையும் ஒரே தட்டில் இருக்கும் என்பதை மருத்துவக் கல்லூரி அழுத்திச் சொல்வதில்லை. எம்.பி.பி.எஸ். பாடத்தில் ஊட்டச்சத்து என்றால் பெரும்பாலும் வைட்டமின் குறைபாடுகளின் பட்டியல்தான்.

மேற்சொன்ன 40 சதவீதமும், உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. அளவில் 25ஐ எல்லையாக வைத்துக் கணக்கிட்டது. நம் உடல்களுக்கு அந்த எல்லை தாராளம். புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் படங்களையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. உடல் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. (யுட்கின் மாரத்தான் ஓடுபவர். யாஜ்னிக்கின் ஓட்டமெல்லாம் மருத்துவமனை லிஃப்டின் கதவு மூடுவதற்குள் அதைப் பிடிக்கத்தானாம். அந்தக் குறும்பையும் கட்டுரையிலேயே எழுதிவிட்டார்கள்.) ஒல்லியாகத் தெரியும் இந்திய உடலில் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வதால்தான் இந்திய வல்லுநர்கள் 2009இல் 23ஐத் தாண்டினால் அதிக எடை, 25ஐத் தாண்டினால் பருமன் என்று வரையறுத்தார்கள். கூடவே ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்று இடுப்புச் சுற்றளவுக்கும் எல்லை வகுத்தார்கள். இதை அளக்கத் தையற்காரர் கையிலிருக்கும் இஞ்சு டேப் போதும். ஆனால் டேப்பை எங்கே வைப்பது? பாவாடை நாடா கட்டும் இடத்திலோ பேன்ட் பெல்ட் நிற்கும் இடத்திலோ அல்ல. கடைசி விலா எலும்பின் அடி விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தடவிப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். படித்தால் அரை நிமிடத்தில் புரிந்துவிடும். கைக்குப் பழக பத்துப் பேரையாவது அளந்து பார்க்க வேண்டும். ஸ்லைடு போட்டு நடத்தும் உரையில் அந்தப் பழக்கம் வராது.

மருத்துவருக்கு ஊட்டச்சத்துப் பாடம் போதாதது இந்தியாவுக்கு மட்டுமான குறையல்ல. அமெரிக்காவில் தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை 1985இலேயே மருத்துவப் படிப்பில் 25 மணி நேரமாவது ஊட்டச்சத்துக்கு ஒதுக்கச் சொன்னது. முப்பது ஆண்டு கழித்து 2015இல் வெளியான கணக்கெடுப்பில் சராசரி 19 மணி நேரம்தான். பத்தில் ஏழு கல்லூரிகள் அந்தக் குறைந்தபட்சத்தை எட்டவில்லை. 2019இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் எந்த நாட்டிலும் இது போதவில்லை என்றுதான் எழுதினார்கள். நமக்கு இதில் கூடுதல் வெட்கம் உண்டு. இந்திய ஊட்டச்சத்து ஆராய்ச்சி 1918இல் நீலகிரியில், குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய சிறிய ஆய்வுப் பிரிவிலிருந்து கிளைத்தது. இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வேர் அதுதான்.

அறியாமையைவிடப் பாதி அறிவு சிக்கலானது என்பதற்கு இரவுச் சப்பாத்தி நல்ல உதாரணம். சர்க்கரை வந்துவிட்டால் ராத்திரிக்குச் சோறு வேண்டாம், சப்பாத்தி என்பது தமிழ்நாட்டில் சாஸ்திரமாகவே ஆகிவிட்டது. இந்தியர் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வு 2025இல் வெளியிட்ட முடிவு காட்டியது. அரிசியை எடுத்துவிட்டுக் கோதுமையையோ சிறுதானியத்தையோ வைப்பதால் மட்டும், மொத்த மாவுச்சத்து குறையாவிட்டால், சர்க்கரை நோய் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை என்றும், மாவுச்சத்தின் ஒரு பங்கைப் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றியவர்களிடம் அபாயம் குறைவாக இருந்தது என்றும் அது சொன்னது. ஒரே சமயத்தில் எடுத்த கணக்கெடுப்பு என்பதால் இது காரணத்தை நிரூபித்துவிடாது. ஆனாலும் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வியை மாற்றிவிடுகிறது. 'சோறா, சப்பாத்தியா' என்பதை விட்டு, 'எத்தனை கரண்டி, கூட என்ன' என்று கேட்க வேண்டும். எண்ணெய்க்கும் இப்படி ஒரு கேள்வி உண்டு. 'எண்ணெய் ஜாஸ்தியா சேர்ப்பீங்களா?' என்றால் எல்லாரும் இல்லை என்பார்கள். 'மாசத்துக்கு எத்தனை பாக்கெட் வாங்குறீங்க, வீட்ல எத்தனை பேர்?' என்றால் உண்மை வரும். நாலு பேருக்கு நாலு லிட்டர் என்றால் தலைக்கு ஒரு லிட்டர், நாளொன்றுக்கு 30 கிராம், கிட்டத்தட்ட 270 கலோரி. டீக்கடை வடையும் ஓட்டல் தோசையும் இந்தக் கணக்கில் வராது.

இதையெல்லாம் வகுப்பு எடுத்துச் சொன்னால் மருத்துவர் மாறிவிடுவாரா என்று கேட்பவர்களின் சந்தேகம் நியாயமானது. 1999இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த தொகுப்பாய்வு, மேடையில் ஒருவர் பேச மற்றவர் கேட்கும் கூட்டங்கள் மருத்துவரின் நடைமுறையை மாற்றியதாகத் தெரியவில்லை என்றது. கேள்வி-பதிலும் பயிற்சியும் கலந்தவை ஓரளவு மாற்றின. 2021இல் காக்ரேன் அமைப்பு இருநூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கூட்டங்களால் கிடைத்த முன்னேற்றம் சுமார் ஏழு சதவீதப் புள்ளிதான். அப்படியானால் மணி நேரத்தைக் கூட்டச் சொல்வதில் பொருளில்லை. நேர்மாறாக, சர்க்கரை நோயாளிகளின் எடையைக் குறைக்க பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான 'டைரெக்ட்' ஆய்வைப் பாருங்கள். அங்கே நோயாளிகளைக் கவனித்தவர்கள் பெரிய நிபுணர்கள் அல்லர். வட்டார மருத்துவ நிலையத்தின் செவிலியர்களும் உணவு ஆலோசகர்களும்தான். அவர்களுக்குக் கொடுத்த பயிற்சி மொத்தம் எட்டு மணி நேரம். என்ன செய்ய வேண்டும், எந்த வாரம் எந்த அளவு, மாத்திரையை எப்போது நிறுத்துவது, எடை திரும்பினால் என்ன என்று வரிசையாக வகுத்துக் கொடுத்திருந்தார்கள். ஓராண்டில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை நோய் தணிந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 4 சதவீதம். இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆகக் குறைந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மிகக் கடுமையான திரவ உணவுத் திட்டம் அது, நம்மூரில் அப்படியே பெயர்த்து நட முடியாது. எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த எட்டு மணி நேரத்தின் வடிவத்தை.

நேரம் எங்கே இருக்கிறது என்பதுதான் மருத்துவர்கள் முதலில் வைக்கும் ஆட்சேபம். உலகின் பாதி மக்கள்தொகை வாழும் நாடுகளில் ஒரு நோயாளியை மருத்துவர் பார்க்கும் நேரம் சராசரியாக ஐந்து நிமிடமோ அதற்கும் குறைவோ என்று 2017இல் ஒரு தொகுப்பாய்வு சொன்னது. நம் அரசு மருத்துவமனை வரிசையில் நின்றவருக்கு அந்த ஐந்து நிமிடமே சொகுசு. ஆனால் இங்கிலாந்தில் 137 மருத்துவர்களையும் 1,882 நோயாளிகளையும் வைத்து நடந்த ஆய்வில் செலவானது முப்பது விநாடி. வேறு ஏதோ நோவுக்கு வந்தவரிடம் ஒரு பிரிவு மருத்துவர்கள் 'எடை குறைந்தால் நல்லது' என்று மட்டும் சொன்னார்கள். இன்னொரு பிரிவினர், 'இலவசமாக ஒரு 12 வார வகுப்பு இருக்கிறது, இப்போதே பதிந்துவிடலாமா?' என்று கேட்டு அங்கேயே ஏற்பாடு செய்தார்கள். 77 சதவீதம் பேர் சரி என்றார்கள், 40 சதவீதம் பேர் போகவும் செய்தார்கள். ஓராண்டு கழித்து முதல் பிரிவில் சராசரியாக 1.04 கிலோ குறைந்திருந்தது, இரண்டாம் பிரிவில் 2.43. அதே முப்பது விநாடி, பேச்சுதான் வேறு.

அனுப்பி வைக்க நம்மிடம் இடம் எங்கே என்ற கேள்வி இதைவிடக் கனமானது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டயட்டீஷியன் இல்லை. சிறு நகரத் தனியார் கிளினிக்கிலும் இல்லை. அது மருத்துவரின் வேலையே அல்ல என்று தள்ளிவிட முடியாததும் இதனால்தான். ஆனால் ஆளே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். அடுப்பில் என்ன வேகிறது, எண்ணெய்ச் சட்டி எவ்வளவு பெரிது என்று மருத்துவர் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை, அவர்கள் பார்க்கிறார்கள். 30 மணி நேர விதி மருத்துவருக்கு மட்டும்தான் என்பது இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை. ரேஷன் அரிசியே பிரதான உணவாக இருக்கும் வீட்டில் ஆலோசனைக்கு எல்லை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாதாமும் ஓட்ஸும் எழுதிக் கொடுப்பது அங்கே அநாகரிகம். முட்டை, பொட்டுக்கடலை, சுண்டல், முருங்கைக்கீரை என்று அந்த வீட்டுச் செலவுக்குள் பேசத் தெரிந்திருப்பதும் பயிற்சியால் வருவதே.

எடையைப் பற்றிப் பேசினாலே புண்படுகிறார்கள் என்பார்கள் சிலர். மேற்சொன்ன இங்கிலாந்து ஆய்வில் அந்தப் பேச்சு பொருத்தமற்றது, உதவாதது என்று கருதியவர்கள் நான்கே பேர். ஆனால் அதை வைத்து நிம்மதியடைய முடியாது. அமெரிக்காவில் 4,700க்கும் மேற்பட்ட முதலாண்டு மருத்துவ மாணவர்களைச் சோதித்தபோது, பருமனானவர்கள் மீது தங்களையறியாத வெறுப்பு 74 சதவீதம் பேரிடம் இருந்தது. நம்மூரில் அது 'வாயைக் கட்டுங்கம்மா' என்ற உரிமையான அதட்டலாக வெளிவரும். அதட்டு வாங்கியவர் அடுத்த தடவை ரத்தம் எடுக்க வரமாட்டார். கனடாவின் 2020ஆம் ஆண்டு பருமன் சிகிச்சை வழிகாட்டுதல் முதல் படியாக அனுமதி கேட்கச் சொல்கிறது. 'உங்க எடையைப் பத்திக் கொஞ்சம் பேசலாமாம்மா?' என்று கேட்பதை எதிரே ஒருவரை நோயாளியாக உட்காரவைத்துப் பழக வேண்டும். கேட்டவுடன் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் வகுப்பிலேயே தீரட்டும்.

கடைசி ஆட்சேபம் புதியது. எடையைக் குறைக்கும் ஊசி வந்துவிட்டதே, இனி உணவைப் பற்றி ஏன் மெனக்கெட வேண்டும்? 2025 மார்ச்சில் டிர்செபடைடும் ஜூனில் எடைக் குறைப்புக்கான செமாகுளூடைடும் இந்தியச் சந்தைக்கு வந்தன. செமாகுளூடைடு ஆய்வில் 68 வாரத்தில் உடல் எடையில் சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது, இது சாதனைதான். மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. பசியே அற்றுப்போனவர் இருக்கும் கொஞ்ச இடத்தில் ரசஞ்சாதத்தை மட்டும் சாப்பிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். ஊசி எழுதும் மருத்துவருக்கு உணவு பற்றிக் கூடுதலாகவே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவருக்குப் பருமன் பற்றிப் பாடம் நடத்த இன்று எல்லாரையும்விட ஆர்வமாக இருப்பவர் அந்த ஊசியை விற்பவர். 2024ஆம் ஆண்டு மருந்து விற்பனை நெறிமுறை வெளிநாட்டில் சி.எம்.இ. நடத்துவதைத் தடுத்தது, உள்ளூரில் நிறுவனத்தின் பணத்தில் நடத்துவதைத் தடுக்கவில்லை. அப்படித் தடுப்பது இந்தியாவில் நடக்காத காரியமும் அல்ல. குழந்தைப் பால்மாவு தயாரிப்போர் மருத்துவர்களுக்கோ அவர்களது சங்கங்களுக்கோ கருத்தரங்கு, மாநாடு, படிப்பு எதற்கும் பணம் தரக்கூடாது என்று 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு சொல்கிறது. தாய்ப்பாலுக்காக எழுதிய அந்தத் தடையை, எடைக் குறைப்பு மருந்துக்கும் ஊட்டச்சத்து பவுடருக்கும் நீட்ட மருத்துவக் கவுன்சில்கள் புதுச் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. விற்பவர் பணத்தில் நடக்கும் வகுப்புக்கு சி.எம்.இ. கிரெடிட் தருவதில்லை என்று முடிவெடுத்தால் போதும். முப்பதில் எட்டு மணி நேரம், சிறு குழுவாக, ஆளுக்கு ஒரு டேப்புடன், பக்கத்தில் தன் செவிலியரோடு உட்கார்ந்து படித்தவருக்கே மருத்துவப் பதிவைப் புதுப்பித்தல் என்று வைக்கலாம். மீதி 22 மணி நேரம் அவரவர் விருப்பம்.