தாயின் நெஞ்சே தொட்டில்

37 வாரம் நிறையுமுன் பிறந்த மகவுக்குத் தோலின் அடியில் கொழுப்புக் குறைவு; உடற்சூடு விரைவில் தணிந்துவிடும். செந்துறையிலிருந்து அரியலூர் மருத்துவமனைக்குச் செல்லும் பயணமும் அதற்குச் சோதனையே.

1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர்கள் போதாதபோது, மருத்துவர் எட்கர் ரே, சிசுவைத் தாயின் மார்போடு மேனிபட அணைத்து வைக்கும் 'கங்காரு' முறையைத் தொடங்கினார். நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் இவ்வாறு அணைத்திருக்குமாறு 2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

ஆயினும் அணைப்பதற்கும் பயிற்சி வேண்டும். குழந்தையை நிமிர்த்தி, தலையை ஒருபக்கம் திருப்பி, மூக்கு மூடாமல் வைத்தல். ஒளியையும் ஓசையையும் குறைத்தல். அடிக்கடி தொட்டு எழுப்பாதிருத்தல். உறிஞ்ச இயலாதபோது தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையால் புகட்டுதல் ஆகியவை செவிலியர் கற்கும் பாடங்கள்.

இத்தகைய பயிற்சி படித்த செவிலியருக்கு மட்டும் உரியதன்று. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் தம்பதியர் கிராமத்துப் பெண்களுக்கே பச்சிளங்குழந்தைப் பராமரிப்பைக் கற்பித்தனர். அங்கே பச்சிளங்குழந்தை மரணம் 62 விழுக்காடு குறைந்ததென 1999இல் ஆய்வு வெளியாயிற்று.

ஆகவே, வீடு திரும்புமுன் செவிலியரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். நாணம் தடுக்கிறதா? துப்பட்டியைப் போர்த்திக்கொள்ளுங்கள், குழந்தையின் முகம் மட்டும் மூடலாகாது. தாய் களைத்தால் தந்தையும் பாட்டியும் அணைக்கலாம். அமானிதமாய்க் கிடைத்த அச்சிற்றுயிருக்கு உங்கள் நெஞ்சின் சூடே முதல் மருந்து.