முகமும் முகப்படமும்



புகைப்படம் எடுத்துக்கொள்ளாதவர் இன்று நம்மிடையே அரியர். ஆனால் புகைப்படக் கருவியின் முன் நில்லாமலே ஒருவருடைய புகைப்படம் உருவாகுமா? உருவாகும் என்கிறது இக்காலம். செயற்கை நுண்ணறிவு என்னும் கணிப்பொறிக் கலை, நம் பழைய படங்கள் சிலவற்றைப் பெற்றுக்கொண்டு, நாம் என்றும் அணியாத மேற்சட்டையை அணிவித்து, நாம் என்றும் நில்லாத அலுவலகத்தில் நம்மை நிறுத்தி, அழகிய முகப்படம் ஒன்றைத் தந்துவிடுகிறது. வேலை தேடும் இளைஞர் பலர் லிங்க்ட்இன் போன்ற தளங்களில் தம் பெயருக்கு அருகில் வைப்பதற்கு இத்தகைய படங்களை விரும்புகின்றனர். இப்படம் எவ்வாறு பிறக்கிறது, எதற்கு இதனைப் பயன்படுத்தலாம், எதற்குப் பயன்படுத்தலாகாது என்பவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

என் பேத்தி பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு பயில்பவள். ஒருநாள் மாலை அவள் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டி, “தாத்தா, இந்தப் படம் எப்படி இருக்கிறது? பார்த்துச் சொல்லுங்கள்” என்றாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். கருநீல மேற்சட்டை அணிந்த இளம்பெண் ஒருத்தி புன்முறுவலோடு நின்றாள். “நன்றாக இருக்கிறதம்மா. யார் இந்தப் பெண்? உன்னோடு படிப்பவளா?” என்று கேட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. அது அவளுடைய படமே!

தன் படங்கள் 12ஐ ஒரு செயலிக்குக் கொடுத்து, சிறு தொகையும் செலுத்தி, 40 படங்களை அவள் பெற்றிருந்தாள். நாங்கள் இருவரும் அமர்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சிரிப்பு ஏறத்தாழ அவளுடையதே. ஆனால் நிறம் வெளுத்திருந்தது, மூக்கு ஒடுங்கியிருந்தது, மூக்குத்தி சில படங்களில் இல்லை. ஏழு வயதில் மிதிவண்டியிலிருந்து விழுந்ததனால் அவள் மோவாயில் ஒரு தழும்பு உண்டு. 40 படங்களில் ஒன்றிலும் அத்தழும்பைக் காணவில்லை. “தாத்தா, என் நிறம் வேலைக்கு ஆகாதென்று இந்தப் பொறி நினைக்கிறதா?” என்று அவள் கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆயினும் குரலில் விளையாட்டு இல்லை.

அக்கேள்விக்கு விடை காணவேண்டுமானால், பொறி எவ்வாறு படம் வரைகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

1839ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் தாகேர் என்பவரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அன்று தொட்டு முறைகள் பல மாறியுள்ளன, அடிப்படை மாறவில்லை. முகத்தில் பட்ட ஒளி திரும்பிவந்து கருவிக்குள் பதிகிறது. ஆகவே, புகைப்படம் என்பது ஒரு கணத்தில் நிகழ்ந்த ஒன்றின் பதிவு. செயற்கை நுண்ணறிவு தரும் முகப்படமோ அவ்வாறு பதிந்ததன்று, கணித்து வரையப்பட்டது.

கணிக்கும் முறை வியப்பிற்குரியது. வாசலில் இட்ட கோலத்தின்மீது ஒருவர் சிறிது சிறிதாக மணலைத் தூவுகிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். முதலில் புள்ளிகள் மறையும். பிறகு கோடுகள் மறையும். இறுதியில் மணல் மட்டுமே எஞ்சும். ஒவ்வொரு படியிலும் எவ்வளவு மணல் விழுந்தது என்று கண்டுபிடிக்க ஒருவனைப் பழக்குகிறோம். கோடிக்கணக்கான கோலங்களைக் கொண்டு பழகிய பின்னர், வெறும் மணலைக் காட்டினாலும் அவன் சிறிது சிறிதாக மணலை நீக்கி, இல்லாத கோலமொன்றைத் தோற்றுவித்துவிடுவான். பொறியும் இவ்வாறே படங்களின்மீது புள்ளிகளை இறைத்து, அவற்றை நீக்கக் கற்றுக்கொள்கிறது. இன்றைய பட ஆக்கப் பொறிகள் பலவற்றுக்கு இம்முறையே அடிப்படை. 2022இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, இவ்வாறு பழகிய பொறிக்கு ஒருவருடைய படங்கள் மூன்று முதல் ஐந்து வரை காட்டினாலே அவரையும் வரையப் பழக்கலாம் என்று காட்டியது. முகப்படச் செயலிகள் பெருகியது அதன் பின்னரே.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பன்னிரண்டு படங்களைக் கொண்டு ஒரு முகத்தை முழுதும் அறிய இயலாது. அறியாத இடத்தைப் பொறி என்ன செய்கிறது? செல்லரித்த ஏட்டில் எழுத்து மறைந்த இடத்தை நல்ல பதிப்பாசிரியர் புள்ளியிட்டுக் காட்டுவார். தாமாக ஒரு சொல்லை எழுதமாட்டார். பொறி புள்ளியிடுவதில்லை. தான் முன்னர்க் கண்ட முகங்களில் மிகுதியாக இருந்தது எதுவோ அதனை அங்கே எழுதிவிடுகிறது.

அது முன்னர்க் கண்டவை எவை? இணையத்திலிருந்து திரட்டப்பட்ட படங்கள். 2022இல் வெளியிடப்பட்ட லயான் 5பி என்னும் தொகுப்பில் படமும் அதற்குரிய குறிப்புமாக ஏறத்தாழ 585 கோடி இணைகள் இருந்தன. அவற்றுள் 230 கோடிக்கு மேற்பட்டவை ஆங்கிலக் குறிப்பு உடையவை. உலகத்து முகங்கள் எல்லாம் இத்தகைய திரட்டில் சம அளவில் இடம்பெறுவதில்லை. “அலுவலர்” என்ற குறிப்போடு எத்தகைய முகங்கள் மிகுதியாகச் சேர்ந்திருந்தனவோ அவற்றின் சாயலை, அலுவலராக வேண்டும் என்று கேட்பவர் முகத்திலும் பொறி ஏற்றிவிடுகிறது. 2023 ஜூலையில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவி ஒருவர், ஆசிய வழியினர், தம் படத்தைத் தொழிலுக்கு ஏற்றதாக ஆக்குமாறு ஒரு பொறியைக் கேட்டார். வெளுத்த தோலும் நீலக் கண்களும் கொண்ட முகத்தை அது திருப்பித் தந்தது. அச்செய்தி அந்நாட்டு இதழ்களில் வெளிவந்தது.

இக்குறை படம் வரையும் பொறிக்கு மட்டும் உரியதன்று. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று கூறும் பொறிகள் மூன்றினை ஜாய் புவலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் சோதித்து, 2018இல் முடிவை வெளியிட்டனர். வெளிறிய நிற ஆடவர் திறத்தில் பிழை நூற்றுக்கு 0.8ஐத் தாண்டவில்லை, கருநிறப் பெண்டிர் திறத்திலோ 34.7 வரை உயர்ந்தது. ஆகவே என் பேத்திக்கு நான் கூறிய விடை இது: “பொறி உன்னைப்பற்றி ஒன்றும் நினைக்கவில்லை அம்மா. அதற்கு உன்னைத் தெரியாது. தான் அதிகம் பார்த்ததை உன்மேல் எழுதியிருக்கிறது.”

“போகட்டும், ஒரு தழும்பு மறைந்தால் என்ன கேடு?” என்று நீங்கள் கேட்கலாம். அவளும் அதையே கேட்டாள். அவளுக்குச் சொன்ன நிகழ்ச்சியை உங்களுக்கும் சொல்கிறேன்.

நான் தலைமையாசிரியராக ஒரு பள்ளிக்கு மாறுதல் பெற்றுச் சென்ற சில திங்களில் பொதுத்தேர்வு வந்தது. தேர்வு மையத்திற்கு நானே முதன்மைக் கண்காணிப்பாளர். தனித்தேர்வராக வந்த பெண் ஒருத்தியை அறைக் கண்காணிப்பாளர் என்னிடம் அழைத்துவந்தார். நுழைவுச் சீட்டில் ஒட்டியிருந்த படத்திற்கும் அவள் முகத்திற்கும் பொருத்தமில்லை என்பது அவருடைய ஐயம். படம் எடுத்த நிலையத்தார் அன்பு மிகுதியால் முகத்தைத் திருத்தி, நிறத்தைக் கூட்டி, மாசு மறுவெல்லாம் அழித்திருந்தனர். அப்பெண் நடுங்கிக்கொண்டு நின்றாள். அவள் முன்பு அப்பள்ளியிலேயே படித்தவள் என்று அறிந்து, பழைய பதிவேட்டை எடுத்துவரச் செய்தேன். அங்க அடையாளம் என்ற இடத்தில், “இடப்புருவத்தின்மேல் ஒரு தழும்பு” என்று எனக்கு முன்னிருந்தவர் எழுதியிருந்தார். படத்தில் அத்தழும்பு இல்லை, முகத்தில் இருந்தது. அவளைத் தேர்வெழுத அனுப்பினேன். அதற்குள் இருபது நிமிடம் கழிந்துவிட்டது. அழகுக்காக அழிக்கப்பட்ட அதே தழும்புதான் அன்று அவளுக்குச் சாட்சி சொல்லியது.

அப்படியாயின் இப்புதிய கலையை அறவே ஒதுக்கிவிடலாமா? வேண்டுவதில்லை. படநிலையங்களில் முற்காலத்தில் ஆணியில் ஒரு கோட்டு மாட்டியிருக்கும். சட்டையின்மேல் அதனை அணிந்து படம் எடுத்துக்கொண்டவர் பலர். அதனை எவரும் பொய் என்று சொல்லவில்லை. இரவல் சட்டை அணிவது வேறு. இரவல் முகம் அணிவது வேறு. உங்கள் படத்தின் பின்னணியை மாற்றவோ வெளிச்சத்தைச் சீராக்கவோ பொறியின் துணையை நாடுவதில் தவறில்லை. ஆனால் சில நெறிகளை மறவாதீர்கள்.

முதலாவது, கடவுச்சீட்டு, தேர்வு விண்ணப்பம், அடையாள அட்டை ஆகியவற்றுக்கு இத்தகைய படத்தை ஒருபோதும் கொடுக்கலாகாது. அவை உங்களை அழகாகக் காட்டுவதற்கு அல்ல, நீங்கள் நீங்களே என்று காட்டுவதற்கு ஏற்பட்டவை. கடவுச்சீட்டுப் படத்தைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு மாற்றலாகாது என்று அமெரிக்க அரசு வெளிப்படையாகவே அறிவித்துள்ளது.

இரண்டாவது, பொறி தந்த படத்தை உங்களை நன்கு அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். நிறம், மூக்கு, பல்வரிசை, காது, மச்சம், தழும்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். நேர்காணலுக்கு உங்களை அழைத்தவர் கதவைத் திறந்ததும் உங்களை அடையாளம் கண்டுகொள்வாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தயங்குவார் என்று தோன்றினால் அப்படத்தை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, படங்களை ஒப்படைப்பதற்கு முன் செயலியின் நிபந்தனைகளைப் படியுங்கள். அவர்கள் உங்கள் படங்களை எத்தனை நாள் வைத்திருப்பர், வேறு எதற்குப் பயன்படுத்துவர், நீங்கள் கேட்டால் அழிப்பரா என்பவை அங்கே தெளிவாக இருத்தல் வேண்டும். மறைச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை மாற்றிக்கொள்ள இயலாது. பிறர் படத்தை அவர் இசைவின்றிக் கொடுப்பதோ பெருங்குற்றம்.

நல்ல படத்திற்குப் பெரும் பொருளும் வேண்டியதில்லை. மறுநாட் காலை, வெள்ளைச் சுவரை ஒட்டிய எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில், வெயில் நேரே படாத இடத்தில் பேத்தியை நிற்கச் செய்தேன். கைப்பேசியைக் கண்ணின் உயரத்தில் பிடித்தேன். என் கை சிறிது நடுங்கியதால் முதல் நான்கு படங்கள் பயன்படவில்லை. ஐந்தாவது நன்றாக அமைந்தது. மூக்குத்தி இருந்தது, மோவாய்த் தழும்பும் இருந்தது. தன் பெயருக்கு அருகில் அவள் வைத்துக்கொண்டது அந்தப் படத்தைத்தான்.