பாட்டு எந்த இடத்தில் நின்றது?

உள்ளங்கையில் அடங்கும் ஒரு தகர டப்பா. மூடியில் பெப்பர்மின்ட் மிட்டாயின் பெயர். ஓரத்தில் இரண்டு ஜாக், ஒரு வால்யூம் குமிழ், கடுகளவு விளக்கு ஒன்று. சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிகிறது. செல்போனில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. வால்யூமை முழுக்கத் திருப்பியாயிற்று. காதில் மட்டும் ஒன்றும் விழவில்லை. நேற்று இரவு வரை நன்றாகப் பாடிய பெட்டி!

இந்த டப்பாவுக்கு 'சீமோய்' என்று பெயர். 1990களின் பிற்பகுதியில் சூ மோய் என்பவர், ஒரே ஒரு 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயரின் வரைபடத்தை, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று வெளியிட்டார். ஒரு எட்டுக் கால் ஐ.சி., கொஞ்சம் ரெசிஸ்டர்கள், நாலைந்து கண்டென்சர்கள், அவ்வளவுதான் சரக்கு. ஆல்டாய்ட்ஸ் மிட்டாய் டப்பாவுக்குள் அத்தனையும் பேட்டரியோடு சேர்ந்து கச்சிதமாக அடங்கியதால் அந்த டப்பாவே அதன் அடையாளமாகிவிட்டது. எலெக்ட்ரானிக்ஸ் பழகுகிறவர்கள் முதன்முதலாகச் சால்டரிங் கம்பியைக் கையில் எடுத்துச் செய்து பார்க்கும் கருவிகளில் இதற்கு இன்றும் தனி இடம் உண்டு.

செல்போனிலேயே பாட்டு கேட்கிறதே, நடுவில் இது எதற்கு என்று தோன்றலாம். எல்லா ஹெட்ஃபோனும் ஒரே மாதிரி அல்ல. சாதாரண இயர்போனின் மின்தடை 16 அல்லது 32 ஓம். சென்ஹெய்சர் எச்.டி. 600 போன்ற ஹெட்ஃபோனுக்கோ 300 ஓம். அதை அசைக்க அதிக வோல்ட்டேஜ் வேண்டும். சின்னக் கருவிகள் கொடுக்கும் வோல்ட்டேஜில் அது முனகத்தான் செய்யும். சூ மோயின் வரைபடம் அந்த வோல்ட்டேஜை 11 மடங்காக்குகிறது.

சரி, டப்பா ஊமையாகிவிட்டது. உடனே ஐ.சி. போய்விட்டது என்று முடிவு கட்டுவதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு. கருவிக்குள் மிகக் கடைசியில் சந்தேகப்பட வேண்டிய ஆள் ஐ.சி. செல்போனில் புறப்பட்ட பாட்டு, ஒயர், ஜாக், வால்யூம், ஐ.சி., மறுபடி ஜாக், மறுபடி ஒயர் என்று நடந்து காதுக்கு வருகிறது. இந்த வழியில் எந்த இடத்தில் அது நின்றது என்பதுதான் கேள்வி. பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் முதலில் பாதையின் இரண்டு முனைகளையும், பிறகு நடுவையும் தொட்டுப் பார்ப்பார்கள்.

முனைகளைப் பார்க்கப் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. ஹெட்ஃபோனை நேரடியாகச் செல்போனில் செருகினால் பாடுகிறதா? இரண்டையும் இணைக்கும் குட்டி ஒயரை மாற்றினால் பாடுகிறதா? பார்க்க அற்பமாகத் தெரியும் இந்தச் சோதனையில்தான் பாதி வழக்குகள் முடிந்துவிடும். ஒயர் அறுந்துபோவது பெரும்பாலும் பின்னின் கழுத்தில், தினமும் மடங்கி நிமிரும் இடத்தில். பாட்டை ஓடவிட்டு அந்தக் கழுத்தை மெதுவாக வளைத்துப் பார்த்தால், ஒரு கோணத்தில் 'கர்' என்று உயிர் வரும், விட்டால் போகும்.

இதில் விசித்திரமான நோய் ஒன்று உண்டு. பாட்டு கேட்கும், பாடகர் மட்டும் காணாமல் போயிருப்பார். பின்னணி வயலினும், குரலின் எதிரொலியும், ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மிஞ்சியிருக்கும். காரணம் எளிது. பின்னின் நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான திரும்பும் பாதை. அந்தப் பொதுப் பாதை அறுந்துபோனால் இடது ஸ்பீக்கரும் வலது ஸ்பீக்கரும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது போல ஆகிவிடும். பாடகரின் குரல் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் பதிவாகியிருக்கும். இருபுறமும் ஒரே வோல்ட்டேஜ் இருந்தால் நடுவில் மின்சாரம் ஓடாது, குரல் செத்துவிடும். இரு பக்கமும் வேறுபடும் ஓசைகள் மட்டும் தப்பிக்கும். மைக் வைத்த இயர்போனின் பின்னில் மூன்றுக்குப் பதில் நான்கு தொடுபகுதிகள் உண்டு. அதைச் சில பழைய ஜாக்குகளில் செருகினாலும் இதே கூத்து நடக்கும். பின்னைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் குரல் திரும்பினால், குற்றம் ஜாக்கில்தான்; ஐ.சி.க்கு இதில் சம்பந்தமே இல்லை.

ஒயர்களும் ஹெட்ஃபோனும் சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் டப்பாவைத் திறக்க வேண்டும்.

முதலில் பேட்டரி. விளக்கு எரிகிறதே என்று அதை நம்பிவிடக் கூடாது. அந்தச் சிவப்பு எல்.இ.டி.க்கு இரண்டு வோல்ட் கிடைத்தாலே போதும். பேட்டரி சாகும் தறுவாயிலும் அது எரிந்துகொண்டிருக்கும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் புது ஆல்கலைன் பேட்டரி 9 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே காட்டும். சார்ஜ் செய்யும் வகையில் '9 வோல்ட்' என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே 1.2 வோல்ட் செல்கள் ஏழு இருந்தால் 8.4, ஆறுதான் இருந்தால் 7.2. சுவிட்ச் போட்ட நிலையில் அளப்பது முக்கியம். வேலை செய்யாமல் சும்மா இருக்கும் பேட்டரி வீறாப்பாக எண் காட்டும். வேலை கொடுத்ததும் சரிந்துவிடும்.

இன்னொரு விஷயம். பேட்டரி இறங்கினால் பாட்டு சட்டென்று நிற்காது. முதலில் உரத்த இடங்களில் கரகரக்கும், பிறகு தேயும். நேற்று தெளிவாகப் பாடி இன்று முற்றிலும் மௌனம் என்றால் பேட்டரியை விட லூஸ் காண்டாக்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். 9 வோல்ட் பேட்டரியின் தலையில் மாட்டும் அந்த இரட்டைப் பொத்தான் கிளிப் அடிக்கடி மாட்டிக் கழற்றித் தளர்ந்துபோகும். மூக்குக் குறடால் லேசாக நெருக்கினால் பிடிப்பு வந்துவிடும். கசிந்த பேட்டரியிலிருந்து வெண்மையாகவும் பச்சையாகவும் பூத்திருந்தால், பேட்டரியை எடுத்துவிட்டு, எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து, ஈரத் துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிட வேண்டும்.

இந்தக் கட்டத்தில் அதிகம் பேர் செய்யாத, ஆனால் மிகவும் பயன்படும் ஒரு சோதனை உண்டு. பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, மல்டிமீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்து, அதன் இரண்டு முள்ளையும் சுவிட்சின் இரண்டு கால்களில் வைப்பது. இப்போது மீட்டரே சுவிட்சாகிவிடுகிறது. பெட்டி எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். பலர் பயன்படுத்தும் ஓபிஏ2134 என்ற ஐ.சி. சும்மா இருக்கும்போது சுமார் 8 மில்லி ஆம்பியர் எடுக்கும். விளக்கும் மற்றதும் சேர்த்து 10 என்று வைத்துக்கொள்ளலாம். மீட்டர் அந்த அளவைக் காட்டினால் உள்ளே பெரிய விபத்து எதுவும் இல்லை. பூஜ்யம் காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது. ஐம்பது, நூறு என்று ஏறினால் எங்கோ ஷார்ட், அல்லது ஐ.சி. திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது, கையை உடனே எடுத்துவிட வேண்டும். ஒரு ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரி ஏறக்குறைய 500 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளும். பத்து வீதம் குடித்தால் கணக்குப்படி ஐம்பது மணி நேரம். வெள்ளிக்கிழமை இரவு அணைக்க மறந்தால் திங்கட்கிழமை காலை பேட்டரி செத்திருப்பதில் ஆச்சரியமில்லை.

அடுத்தது இந்தக் கருவியின் உயிர்நிலை. ஒலி அலை மேலும் கீழும் ஊசலாடுவது. அது ஊசலாட வேண்டுமானால் ஐ.சி.க்குப் பாட்டின் நடுக்கோட்டுக்கு மேலேயும் கீழேயும் வோல்ட்டேஜ் வேண்டும். ஒரே பேட்டரியில் கீழ்ப்பக்கத்துக்கு எங்கே போவது? சூ மோய் செய்தது அழகான காரியம். 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டை வரிசையாகக் கோத்துப் பேட்டரியின் இரு முனைகளுக்கும் நடுவே போட்டார். இரண்டும் சேரும் நடுப்புள்ளியில் சரிபாதி, 4.5 வோல்ட் நிற்கும். அந்த நடுப்புள்ளியையே பாட்டின் தரைமட்டமாக அறிவித்துவிட்டார். பக்கத்தில் இரண்டு பெரிய கண்டென்சர்கள் அது ஆடாமல் தாங்கிப் பிடிக்கும். இப்போது ஐ.சி.க்கு மேலே நாலரை, கீழே நாலரை.

ஆகவே மல்டிமீட்டரின் கறுப்பு முள்ளைப் பேட்டரியின் எதிர்முனையில் நிறுத்தி, சிவப்பு முள்ளால் ஊர்வலம் போக வேண்டும். ஐ.சி.யின் தலையில் பிறைபோல் வெட்டிய பக்கத்தை மேலே வைத்துப் பார்த்தால், இடப்பக்க முதல் கால் 1. அங்கிருந்து கீழே இறங்கி வலப்பக்கம் ஏறி எண்ண வேண்டும். 8ஆம் காலில் முழு பேட்டரி வோல்ட்டேஜ், 4ஆம் காலில் பூஜ்யம், வெளியே ஓசை போகும் 1, 7ஆம் கால்களில் ஏறக்குறைய பாதி. ஜாக்கின் அடிப்பகுதியிலும் அதே பாதி. இப்படி இருந்தால் ஐ.சி. அநேகமாக நலம். நடுப்புள்ளி 4.5 இல்லாமல் பூஜ்யத்தையோ 9ஐயோ நோக்கிச் சாய்ந்திருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், நோய் அங்கேதான்.

அங்கே சாய்வதற்கு முக்கியக் காரணம் அந்த அழகான தகர டப்பாவேதான்! டப்பா உலோகம். ஜாக்கின் உலோக உடல் டப்பாவைத் தொட்டபடி இருப்பதால் டப்பா முழுவதும் அந்த நாலரை வோல்ட்டில் நிற்கிறது. பேட்டரியின் எதிர்முனையிலிருந்து வரும் ஒயரின் ஒரு மெல்லிய இழை டப்பாவின் சுவரை உரசினால் போதும், நடுப்புள்ளி பூஜ்யத்தில் விழுந்துவிடும். பாட்டின் கீழ்ப்பாதிக்கு இடமே இல்லாமல் போகும். மேசைமேல் திறந்து வைத்தால் பாடும், மூடினால் ஊமை என்றால் நோயைக் கண்டுபிடித்தாயிற்று. போர்டுக்கு அடியில் ஒரு தடித்த அட்டையோ பிளாஸ்டிக் தாளோ வைத்தால் தீர்ந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். சந்தேகத்துக்குரிய பெட்டியில் விலையுயர்ந்த ஹெட்ஃபோனைச் செருகவே கூடாது. ஐ.சி.யின் வெளிவாய் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டால் ஊசலாட்டம் இல்லாத நேர்மின்சாரம் காதுச் சுருளுக்குள் தொடர்ந்து பாயும். முடியைவிட மெல்லிய அந்தக் கம்பி பாட்டின் ஓட்டத்துக்காகச் செய்தது, இதைத் தாங்காது. முதலில் ஹெட்ஃபோன் ஜாக்கின் நுனிக்கும் அடிக்கும் நடுவே டி.சி. மில்லிவோல்ட்டை அளக்க வேண்டும். இருபதுக்குள் இருந்தால் நிம்மதி. பிறகும் முதல் சோதனைக்கு, போனால் போகட்டும் என்கிற பழைய இயர்போன்தான்.

2011இல் என்.டபிள்யூ.ஏ.வி.கை என்ற புனைபெயரில் ஒருவர் வெளியிட்ட 'ஓ2' என்ற ஆம்ப்ளிஃபயர் இந்த ஆபத்தை நேரடியாக எதிர்கொண்டது. அதில் 9 வோல்ட் பேட்டரிகள் இரண்டு. மேல்பாதிக்கு ஒன்று, கீழ்ப்பாதிக்கு ஒன்று. ஒன்று மட்டும் செத்தால் மற்றது ஹெட்ஃபோனை ஒரு பக்கமாக இழுத்துவிடுமே? அதைத் தடுக்க, பேட்டரிகளைக் கண்காணித்து, இறங்கியதும் இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கும் காவல் ஏற்பாட்டை உள்ளேயே வைத்தார். அந்தப் பெட்டி ஒரு நாள் மௌனமானால் அது பழுதாக இல்லாமல் பாதுகாப்பாகவே இருக்கலாம். இரண்டு பேட்டரியையும் தனித்தனியே அளந்து பார்த்த பிறகே மற்றது.

வோல்ட்டேஜ்கள் எல்லாம் சரி, இன்னும் ஓசை இல்லை என்றால் ரேடியோ மெக்கானிக்குகளின் பழைய வித்தை கைகொடுக்கும். செல்போனைக் கழற்றிவிட்டு, உள்ளே வரும் ஒயரின் மறுமுனைப் பின்னின் நுனியை விரலால் தொட வேண்டும். வீட்டுச் சுவருக்குள் ஓடும் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அலையை நம் உடம்பு ஏரியல்போல் வாங்கும். பெட்டி உயிரோடு இருந்தால் இயர்போனில் 'ம்ம்ம்' என்று கேட்கும். கேட்டால் விரல் முதல் காது வரை வழி சுத்தம். நின்ற இடம் செல்போன் பக்கம். கேட்காவிட்டால் டப்பாவுக்குள் ஒவ்வொரு இடமாக, வால்யூமின் முன் கால், பின் கால், ஐ.சி.யின் 3, 5ஆம் கால்கள் என்று சிறிய ஸ்குரூ டிரைவரின் உலோக நுனியால் தொட்டுக்கொண்டே போகலாம். 'ம்ம்ம்' எங்கே பிறக்கிறதோ அதற்கு ஒரு படி முன்னால் அறுப்பு. பேட்டரியில் ஓடும் கருவிக்கு மட்டுமே இந்த வித்தை. சுவர் பிளக்கில் செருகிய கருவியில் விரல் வைப்பது உயிரோடு விளையாடுவது.

அறுப்பு என்று அகப்படுவது அநேகமாக டிரை சால்டர்தான். நல்ல பற்று வெள்ளிபோல் பளபளத்து, காலைச் சுற்றி எரிமலைச் சரிவுபோல் படிந்திருக்கும். டிரை சால்டர் மங்கிச் சாம்பல் பூத்து, காலைத் தொடாமல் உருண்டையாக உட்கார்ந்திருக்கும். சில சமயம் காலைச் சுற்றி மயிரிழை வளையமாக விரிசல் தெரியும். ஜாக்கின் கால்களில்தான் இது அதிகம், ஒவ்வொரு முறை பின்னைச் செருகும்போதும் அடிவாங்குவது அவைதானே. சூடான சால்டரிங் கம்பியை இரண்டு மூன்று வினாடி வைத்து, புதுச் சால்டரை ஒரு துளி காட்டினால் பழையது உருகி இறுகும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த சாதாரணச் சால்டர் 183 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும் என்பதால் நெடுநேரம் சுட வேண்டியதில்லை. சுட்டால் போர்டின் செம்புப் பட்டை உரிந்து வந்துவிடும்.

லித்தியம் பேட்டரி வைத்து யு.எஸ்.பி.யில் சார்ஜ் செய்யும் இன்றைய மெல்லிய பெட்டிகளைத் திறப்பது வேறு கதை. வெளிச் சோதனைகள் அவற்றுக்கும் பொருந்தும். ஆனால் உள்ளே பேட்டரி உப்பியிருப்பது தெரிந்தால் நெம்பவோ குத்தவோ கூடாது. சார்ஜ் ஏற்றுவதையும் நிறுத்திவிட வேண்டும்.

உங்கள் டப்பா இப்போது நன்றாகப் பாடிக்கொண்டிருந்தால், இன்றே ஒரு வேலை செய்துவையுங்கள். மூடியைத் திறந்து, பேட்டரி வோல்ட்டேஜ், நடுப்புள்ளி வோல்ட்டேஜ், குடிக்கும் மில்லி ஆம்பியர், ஜாக்கின் டி.சி. மில்லிவோல்ட் ஆகிய நான்கையும் அளந்து, தேதியோடு ஒரு துண்டுத் தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அது ஊமையாகும் நாளில் உங்களுக்கு வேண்டியிருப்பது அந்த நான்கு எண்கள்தான்.