ஆலைப் புகையை அறிவிக்கும் செடிகள்

தீய காற்று வீசும்போது மனிதன் விலகிப் போகலாம். கால்நடைகளை வேறு மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லலாம். பயிரோ நின்ற இடத்திலேயே நின்று, பகல் முழுவதும் தன் இலைகளிலுள்ள நுண்ணிய துவாரங்களின் வழியாக அக்காற்றையே உட்கொள்ள வேண்டியதாயிருக்கின்றது. ஆகவே தொழிற்சாலைகளுக்கும் சூளைகளுக்கும் அருகே காற்றுக் கெட்டிருப்பதைச் செடிகள் தம் இலைகளில் காட்டிவிடுகின்றன. அதைப் படிக்கக் கற்ற குடியானவன், காரணமறியாது மருந்துக்கும் எருவுக்கும் வீண் செலவு செய்யாமல், நஷ்டத்தின் மூலத்தை நாடிச் செல்லக்கூடும்.

இலையிற் காணும் அறிகுறிகள்

நிலக்கரி எரியும் இடங்களிலும் உலோகங்களை உருக்கும் ஆலைகளிலும் கந்தக டையாக்ஸைடு வாயு வெளிப்படுகின்றது. இது இலைக்குள் நுழைந்து அங்குள்ள ஈரத்திற் கரைகின்றது. சிறிதளவாயின் செடி அதைத் தீங்கற்ற உப்பாக மாற்றிக்கொள்ளும். மாற்றும் வேகத்திற்கு மேல் வந்து சேருமாயின், நரம்புகளுக்கு இடைப்பட்ட பாகம் வெளுத்துக் காய்ந்துவிடும். நரம்புகள் மட்டும் பசுமையாக நிற்கும். குதிரைமசாலும் பார்லியும் இவ்வாயுவிற்கு எளிதில் இடங்கொடுப்பவை.

பாஸ்பேட் உரம், அலுமினியம், செங்கல் ஆகியவற்றைச் செய்யும் இடங்களில் புளோரைடு வெளிப்படுதலுண்டு. இது இலைக்குள் ஓடும் நீருடன் நுனிக்கும் ஓரத்திற்கும் சென்று தங்குவதால் அவ்விடங்களே முதலில் தீய்கின்றன. கிளாடியோலஸ் என்னும் பூச்செடியின் சில ரகங்கள் இதற்குச் சிறந்த அடையாளச் செடிகளாகும். வாகனப் புகையின்மீதும் ஆலைப் புகையின்மீதும் வெயில் படுவதால் ஓஸோன் உண்டாகின்றது; இதைக் கண்டறிய பெல் டபிள்யூ 3 என்னும் புகையிலை ரகத்தை நட்டு, அதன் இலையின் மேற்புறத்தில் தோன்றும் சிறு புள்ளிகளைக் கணக்கிடுவது பல நாடுகளில் கையாளப்பட்ட முறையாகும்.

வேறு சில தாவரங்கள் வெளியே குறி காட்டாமலே நஞ்சைச் சேர்த்து வைக்கின்றன. சமையலில் வாசனைக்குச் சேர்க்கும் கல்பாசியும் அதன் இனத்தவையும் வேரின்றி, காற்றையும் மழையையுமே நம்பி வாழ்பவை. இவ்வினத்தவை பாரிஸ் நகரின் லக்ஸம்பர்க் தோட்டத்தில் வளர்வதையும், நகரின் ஏனைய பாகங்களில் அருகியிருப்பதையும் கண்டு, இவை காற்றின் தூய்மைக்கு அளவுகோலாகும் என்று நைலாண்டர் என்னும் தாவர சாஸ்திரி 1866-இல் எழுதினார். கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் சுற்றுப்புறத்திலும், இவ்வினத்தவற்றையும் பாசிகளையும் சோதித்தே காற்றிற் பாதரசம் பரவியிருந்தமை அறியப்பட்டது.

சூளையும் மாந்தோப்பும்

வட இந்தியாவில் செங்கற் சூளைகளுக்கு அருகிலுள்ள மாந்தோப்புகளில் பிஞ்சின் நுனி மஞ்சளித்து, பின் கறுத்துக் கெட்டியாகிவிடும். தஸேரி ரகம் இதனால் மிகவும் பாதிக்கப்படும். இது பூசணத்தாலோ பூச்சியாலோ வருவதன்று. சூளைப் புகையிலுள்ள வாயுக்களால் வருவது. ஆதலால் பூசணக் கொல்லி தெளிப்பதிற் பயனில்லை. 100 லிட்டர் தண்ணீருக்கு 600 கிராம் வெண்காரம் கரைத்து, பூக்குமுன்பும், பூத்தபோதும், பிஞ்சு பிடித்த பின்பும் தெளிப்பதால் நஷ்டம் குறையும். சூளையைத் தோப்பினின்று விலக்கி அமைப்பதும், புகைபோக்கியை உயர்த்துவதுமே நிலையான பரிகாரங்கள்.

இலைகள் சாட்சி சொன்ன வழக்கு

கனடாவில் டிரெயில் என்னும் ஊரிலுள்ள உருக்காலை அமெரிக்க எல்லையிலிருந்து ஏறக்குறைய 7 மைல் தொலைவில் இருக்கின்றது. அதன் கந்தகப் புகை கொலம்பியா நதியின் பள்ளத்தாக்கு வழியே இறங்கி, எல்லைக்கு அப்பாலுள்ள வயல்களையும் காடுகளையும் தாக்கிற்று. இரு நாடுகளும் 1935-இல் ஒப்பந்தம் செய்து ஒரு நடுவர் மன்றத்தை நியமித்தன. இலைகள் தீய்ந்த அளவு, அவற்றிலிருந்த கந்தகம், மரங்களின் ஆண்டு வளையங்கள் ஆகியவை ஆராயப்பட்டன. மன்றம் 1938-இல் 78,000 டாலர் நஷ்டஈடு விதித்தது. ஆலை புகை வெளியிடும் முறைக்கு 1941-இல் கட்டுப்பாடுகளையும் வகுத்தது.

கவனிக்கும் முறை

இலை தீய்ந்ததைக் கண்டவுடன் புகையின்மீது பழி சுமத்துவது தவறு. சாம்பல் சத்துக் குறைவும், உவர் நிலமும், வறட்சியும், மருந்தை மிகுதியாகத் தெளிப்பதும் இலையோரத்தைக் கருக்கக்கூடும். ஒரு பயிர் மட்டும் வாடினால் நோயோ சத்துக் குறைவோ இருத்தல் கூடும். பயிரும், களையும், வேலிச் செடியும் ஒருங்கே தீய்ந்து, காற்று வரும் திசையில் மிகுந்தும், தூரம் செல்லச் செல்லக் குறைந்தும் காணப்பட்டால் புகையே காரணம் என்று சந்தேகிக்க இடமுண்டு.

இதை உறுதி செய்ய, ஒரே விதையையும் ஒரே மண்ணையும் கொண்டு பல தொட்டிகளில் செடி வளர்த்து, ஆலையிலிருந்து வெவ்வேறு தூரங்களில் வைத்து, ஒரே அளவாகத் தண்ணீர் விடவேண்டும். சில தொட்டிகளைப் புகை எட்டாத இடத்தில் ஒப்பீட்டிற்காக வைப்பது இன்றியமையாதது. வாரந்தோறும் தேதி, காற்றின் திசை, பாதிக்கப்பட்ட இலைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து, புகைப்படமும் எடுத்து வைத்தல் நலம். இரு இடங்களின் இலைகளையும் தனித்தனியே காகித உறைகளிலிட்டுச் சோதனைச்சாலைக்கு அனுப்பினால் அவற்றிலுள்ள கந்தகம், புளோரைடு ஆகியவற்றின் வேறுபாடு விளங்கும்.

செடி எச்சரிக்குமேயன்றி, காற்றில் நஞ்சு எவ்வளவு என்று துல்லியமாகக் கூறாது. அதற்குக் கருவிகள் வேண்டும். எனினும் கருவியை எங்கே வைப்பது என்பதைச் செடியே காட்டும். தீய்ந்த இலை சில நாட்களில் உதிர்ந்துவிடும். புதுத் தளிர் வந்தபின் சாட்சி மறைந்துபோம். ஆகையால் குறி கண்ட அன்றே எழுதி வைத்து, விவசாய அதிகாரிக்குத் தெரிவிப்பவருக்கே தம் நஷ்டத்தை நிரூபிப்பது எளிதாகும்.