சால்ட்டேரியம்: உப்பு அல்ல, புத்தகம்

உயர்தர வகுப்பில் உயிரியல் படிப்பித்த காலத்தில் நான் ஒரு பிழை விட்டேன். அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன்.

அன்று பாடம், அசைபோடும் விலங்குகளின் சமிபாடு. மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள்: ரூமன், ரெட்டிக்குலம், ஓமாசம், அபோமாசம். மூன்றாவதான ஓமாசத்துக்குப் பழைய நூல்களில் 'சால்ட்டேரியம்' என்றும் பெயர் உண்டு என்றேன். பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பி, "சேர், ஏன் அப்படிப் பேர் வந்திச்சு?" என்று கேட்டது. எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "சால்ட் என்டா உப்புத்தானே. உப்பை உறிஞ்சுற அறை" என்று சமாளித்தேன். அந்த அறை நீரையும் உப்புக்களையும் உறிஞ்சுவது உண்மைதான். ஆகவே என் கதை பொருத்தமாகவே தெரிந்தது. பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.

பல வருடங்களுக்குப் பிறகு ஒரு ஹஜ்ஜுப் பெருநாள். ராத்தா சுடுதண்ணி ஊற்றிப் பாபத் சுரண்டிக்கொண்டிருந்தா. (பாபத் என்பதே மலாய்ச் சொல்தான்.) "தம்பி, துவாய் மாதிரி ஈக்கிறத சுரண்டிட்டேன். தேன்கூடு மாதிரி ஈக்கிறதும் முடிஞ்சி. இந்தக் கித்தாபு மாதிரி ஈக்கிறதுதான் கரச்சல், ஒவ்வொரு ஒத்தையா விரிச்சுக் கழுவணும்" என்றா. குனிந்து பார்த்தேன். மெல்லிய தோல் மடிப்புகள், ஒன்றன்மேல் ஒன்றாக, பக்கம் பக்கமாக விரிந்தன. மாட்டில் இவை ஏறக்குறைய 100 இருக்கும். அரைபட்ட தீனி இந்த மடிப்புகளுக்கிடையில் நசுங்கி, நீர் உறிஞ்சப்பட்டு, நான்காம் அறைக்குப் போகிறது.

அன்றிரவு அகராதியைப் புரட்டினேன். சால்ட்டேரியத்துக்கும் உப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. எழுத்தில் அதன் முதலெழுத்து ஒலிக்காத ஒரு 'பி'. அதைக் கவனித்திருந்தாலே உப்பு நினைவுக்கு வந்திராது. நரம்பை விரலால் மீட்டுவதைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து, மீட்டும் வாத்தியத்துக்கு 'சால்ட்டேரியன்' என்ற பெயர் வந்தது. பின்னர் அந்த வாத்தியத்தோடு பாடப்பட்ட துதிப்பாடல்களின் தொகுப்புக்கும் அதுவே பெயரானது. கிறிஸ்தவர்கள் சங்கீத புத்தகம் என்பது அதைத்தான். நபி தாவூத் (அலை) அவர்களுக்கு அருளப்பட்ட ஸபூர் வேதம் நம் நினைவுக்கு வரும். பக்கங்கள் நிறைந்த அந்தப் புத்தகத்தைப் போல் இருந்ததால், மாட்டின் மூன்றாவது அறைக்கும் அப்பெயரை வைத்தார்கள்.

மற்ற மொழிகளும் இதையே கண்டிருக்கின்றன. இந்தோனேசியர் 'பெருட் கிதாப்', அதாவது கித்தாபு வயிறு என்கிறார்கள். ஜெர்மானியருக்கு அது இலை இரைப்பை. பாரசீகத்தில் 'ஹஸார்லா', ஆயிரம் மடிப்பு.

இச்சொல்லை 19ஆம் நூற்றாண்டு விலங்கியல் நூல்களில் அதிகம் காணலாம். விலங்குகளை வகைப்படுத்தவும் அது உதவியது. ஒட்டகத்தில் மடிப்புகள் கொண்ட இந்த அறை தனியாக இல்லை. நம் காடுகளில் வாழும் சருகுமானிலும் அது வளர்ச்சியடையவில்லை. இன்று ஓமாசம் என்பதே வழக்கு. பழைய நூல் வாசிப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மூளையில் நரம்பிழைகள் குறுக்காகச் செல்லும் ஒரு பகுதிக்கும் சால்ட்டேரியம் என்று பெயர் உண்டு. அங்கே உவமை புத்தகம் அல்ல, வாத்தியத்தின் நரம்புகள்.

இதையெல்லாம் அறிந்தும் நான் சும்மாதான் இருந்தேன். போன வருடம் பேத்தியின் கொப்பியைப் பார்த்தேன். 'சால்ட்டேரியம் - உப்பை உறிஞ்சும் அறை' என்று எழுதியிருந்தது. அவளுடைய ஆசிரியர் என் பழைய மாணவர். கோல் எடுத்தேன். "சேர், நீங்கதானே சொல்லித் தந்த?" என்றார்.

"ஓம், நான்தான். அது பிழை" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, "அப்ப நாளைக்கே வகுப்பில திருத்திச் சொல்றேன் சேர்" என்றார். நான் அன்று விட்டதை அவர் மறுநாளே செய்தார்.