கூட்டருகே ஒரு கேமரா

நான் முதன்முதலில் வாங்கிய டிஜிட்டல் கேமரா, நிக்கான் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கூல்பிக்ஸ் 990. அதன் திறன் 3.34 மெகாபிக்ஸல், தொலைவிலுள்ளதை மூன்று மடங்குதான் பெரிதாக்கிக் காட்டும். நான்கு பென்சில் பேட்டரிகளைக் காலையில் போட்டால் நண்பகலுக்குள் தீர்ந்துவிடும். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள தேன்சிட்டு, படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காவது நிறைய வேண்டுமென்றால் ஒரு மீட்டர் தூரத்துக்கு நெருங்கியாக வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

பழவேற்காட்டில் மீனவர் வீடொன்றின் முற்றத்தில், துணி உலர்த்தும் கொடியில் ஊதாப்பிட்டு தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. நாரும் சருகும் சிலந்தி நூலும் சேர்த்துப் பெண் பறவையே பின்னும் சிறு பை அது. வழக்கமாக இரண்டு முட்டைகள். குஞ்சு பொரிக்க ஏறத்தாழ இரண்டு வாரம். அந்த வீட்டம்மா கூட்டுக்காகத் துணிகளை வேலியில் உலர்த்திக்கொண்டிருந்தார். நானோ கூட்டின் எதிரே முக்காலியை நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் அறுபது படங்கள் எடுத்தேன். பறவை முருங்கை மரத்திலிருந்து கத்திக்கொண்டே இருந்தது, கூட்டுக்கு வரவில்லை. வேலியில் ஒரு காகம் வந்து அமர்ந்ததை அந்த அம்மாள்தான் முதலில் கவனித்தார். "சார், உங்க பாடு முடிஞ்சிச்சு. இனி அதோட பாட்டை அது பாக்கட்டும்" என்றார்.

பொருளியல் கற்பித்தவனுக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. ஃபிலிம் சுருளில் 36 படங்கள்தாம். ஒவ்வொன்றுக்கும் கழுவி அச்சிடும் செலவு உண்டு. அச்செலவே கையைக் கட்டிப்போட்டது. டிஜிட்டல் கேமராவில் அடுத்த படத்தின் இறுதிநிலைச் செலவு ஏறத்தாழப் பூஜ்யம். எனக்குத்தான் பூஜ்யம். தாய் விலகியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் காய்கிறது. மறைப்பாக இருந்த இலையை ஒதுக்கினால் கூடு காகத்துக்கும் செம்போத்துக்கும் புலப்படுகிறது. செலவு மறைந்துவிடவில்லை; பறவையின் கணக்குக்கு மாறிவிட்டது. இதைத்தான் புறவிளைவு என்று வகுப்பில் முப்பது ஆண்டுகள் நடத்தினேன்!

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே பறவைகளின் முட்டையையோ கூட்டையோ குலைப்பதையும் சேர்த்திருக்கிறது. ஏரிக்கு அருகே ஆந்திரத்தின் நேலப்பட்டு சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும் மரங்களைக் காக்கக் காவலர் உண்டு. முற்றத்துக் கொடிக்கு யார் காவல்?

அதே காலத்துக் கேமராவாலேயே வேறொரு வழியும் பிறந்தது. மலேசியாவின் லாரன்ஸ் போ, 1999 வாக்கில் சிறிய கூல்பிக்ஸ் கேமராவைத் தொலைநோக்கியின் கண்ணாடியோடு பொருத்திப் பறவைகளைத் தொலைவிலிருந்தே படமெடுத்தார். உலகெங்கும் பலர் அதைப் பின்பற்றினர். ஆக, நெருக்கம் கருவி விதித்த கட்டாயமன்று; என் பொறுமையின்மை விதித்தது. இன்றோ தொலைவைச் சுருக்கும் கேமராக்கள் எளிதில் கிடைக்கின்றன. ஆனால், கூடு இருக்கும் இடம் கைப்பேசி வழியே ஒரே மாலையில் ஐம்பது பேருக்குப் போய்விடுகிறது. ஒருவர் பத்து நிமிடம் நின்றால் தவறில்லை என்று ஐம்பது பேரும் எண்ணினால், அந்தப் பறவை ஒரு பகல் முழுதும் கூடு திரும்ப இயலாது.

அந்த அம்மாள் சொன்ன 'பாடு' வெறும் பேச்சு வழக்கன்று. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள், ஏரியில் எவர், எந்த இடத்தில், எப்போது வலை கட்டுவது என்று சீட்டெடுத்து முறைவைத்துக்கொள்ளும் ஏற்பாட்டின் பெயர் அது. அதில் எல்லாருக்கும் இடமில்லை என்ற மனத்தாங்கல் உண்டு. அது தனிக் கட்டுரைக்கு உரியது. ஆனால், தன் முறை முடிந்ததும் வலையை எடுத்துவிட வேண்டும் என்பதில் ஐயமில்லை. பறவை ஆர்வலர் குழுக்கள் கூடுகளுக்கும் இப்படியொரு முறை வகுக்கலாம். முட்டைப் பருவத்தில் எவருக்கும் பாடு கிடையாது. குஞ்சு பொரித்த பின் நாளுக்கு ஒருவர், தொலைவிலிருந்து, சில நிமிடங்கள் மட்டும். இடத்தின் பெயர் வெளியே போகக் கூடாது.

நான் எடுத்த அறுபதில் ஐம்பத்தொன்பது வெறும் கூட்டின் படங்கள். முக்காலியை மடக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய், சன்னல் வழியே எடுத்த கடைசிப் படத்தில்தான் பறவை இருக்கிறது. சற்றே மங்கலாக, கூட்டு வாயிலில் தலை நீட்டியபடி.