உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெறும் முறை

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நிகழுங்கால், சங்கரன்கோவில் போன்ற ஊர்களிலும் இளைஞர் இராமுழுதும் கண்விழித்துக் காண்பர். அதில் இந்தியாவின் பெயர் இல்லாமை ஏன் என்பதை அறிய விழைவோர், அணிகள் தகுதி பெறும் முறையை அறிதல் வேண்டும்.

போட்டியை நடத்தும் நாட்டுக்குத் தகுதி தானே வாய்க்கும். ஏனைய நாடுகள் தத்தம் கண்டத்து அணிகளோடு பொருது இடம்பெறல் வேண்டும். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1, தோல்விக்கு யாதுமில்லை. 2026ஆம் ஆண்டுப் போட்டிக்குரிய 48 இடங்களுள் ஆசியாவுக்கு நேரே ஒதுக்கப்பட்டவை 8. இரண்டாஞ் சுற்றில் 36 அணிகள், நந்நான்காக 9 பிரிவுகளில் ஆடின. ஒவ்வோர் அணியும் தன் பிரிவின் பிறவற்றை இருமுறை எதிர்த்தது. முதலிரண்டு அணிகளே மேற்சென்றன.

கத்தார், குவைத், ஆப்கானிஸ்தான் ஆகியவற்றோடு ஆடிய இந்தியா, 1 வெற்றியும் 2 சமநிலையும் 3 தோல்வியுமாக 5 புள்ளியே ஈட்டிற்று. கத்தாரும், 7 புள்ளி பெற்ற குவைத்தும் மேற்சென்றன. 2024 மார்ச்சில் கௌஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் தோற்ற அவ்வோர் ஆட்டத்தை வென்றிருப்பின், 8 புள்ளியுடன் இந்தியாவே குவைத்தை முந்தியிருக்கும்.

1950ஆம் ஆண்டுப் பிரேசில் போட்டிக்கோ, எதிரணிகள் விலகியமையால் இந்தியா ஆடாமலே தகுதி பெற்றது, எனினும் செல்லவில்லை. வெறுங்காலுடன் ஆடத் தடையிருந்தமையே காரணமென்பர் பலர். ஆயின், ஒலிம்பிக்கையே அன்று பெரிதென மதித்தனர் என்று அக்கால அணித்தலைவர் சைலேன் மன்னா பின்னாளிற் கூறினார்.

1950இல் வந்த வாய்ப்பைப் பேணாது விட்டோம். 2024இல் ஓர் ஆட்டத்தால் வாய்ப்பை இழந்தோம். எவ்வாட்டத்தையும் எளிதென எண்ணலாகாது என்பதே மாணவர் இதனாற் கொள்ளத்தக்கது.